குலப்பூவை வாய்விட்டுச் சொல்லவும்

வாரியம் வந்திறங்கிய வெள்ளிக்கிழமையே இனோகேவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மற்றவர்களுக்கு அது வேடிக்கை. வாரம் ஒரு தடவை வரும் கப்பலிலிருந்து முதலில் ஒரு மேசை இறங்கியது. பிறகு ஒரு மேசை மின்விசிறி, ஓர் ஒலிபெருக்கி, பதினெட்டு அட்டைப் பெட்டிகள். கடைசியில் இயக்குநர் இசிமேலி இறங்கினார். துறைமுகப் பலகையில் அலை தெறித்ததும் பளபளப்பான காலணியைக் கழற்றிக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டார். உப்புத் தண்ணீர் என்றால் அவருக்கு ஆகாது என்று அப்போதே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

பெட்டிகளைப் பிரித்தால் உள்ளே பூ. அத்தனையும் பிளாஸ்டிக்.

எங்கள் நலோமாத் தீவில் பூ இல்லாத இடம் வேண்டுமானால் தேடித்தான் பிடிக்க வேண்டும். கூரை மேல் பூ, கல்லறை மேல் பூ, பன்றிப் பட்டியின் வேலி முழுக்கச் செம்பருத்தி. பன்றிகளே தின்று அலுத்துப்போய் மூக்கால் தள்ளிவிடும். அப்படிப்பட்ட ஊருக்கு, தலைநகர் சுவாவிலிருந்து ஒரு நாள் முழுக்கக் கடல் கடந்து, பதினெட்டுப் பெட்டி பூ. இதைச் செய்தது தீவு மலர் அடையாள வாரியம். எந்தக் கூறு கெட்டவன் மூளையில் உதித்ததோ, தெரியாது.

இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"அன்பான நலோமா மக்களே! மூணு வருஷம்! மூணு வருஷமா ஏசி ரூம்ல ஒக்காந்து உங்க அடையாளத்தை ஆராய்ச்சி பண்ணியிருக்கோம். கவனம் சிதறிடக் கூடாதுன்னு ஒரு நெசப் பூவைக்கூட உள்ள விடல. ஒவ்வொரு தீவுக்கும் ஒரு பூ ஒதுக்கியாச்சு. உங்களுக்கு வந்திருக்கறது ஊதா ஆர்க்கிட்!"

கூட்டம் ஊதா ஆர்க்கிட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. சவேனதா மட்டும் அடையாளம் கண்டுகொண்டான். இனோகேவின் மனைவி லைசானிக்கு அவன் கூடப் பிறந்த அண்ணன். இரண்டு வருஷம் சுவாவில் ஓட்டலில் வேலை பார்த்தவன்.

"இதை நான் பாத்திருக்கேன் சார். ஓட்டல்ல, கக்கூஸ் கண்ணாடி பக்கத்துல வச்சிருப்பாங்க."

"பாத்தீங்களா, மக்கள் மனசுல ஏற்கெனவே இருக்கு!" என்றார் இயக்குநர்.

"ஆனா எங்க மண்ணுல இது மொளைக்காதே சார்?"

"மொளைச்சா வாடும். வாடற பூவை நம்பி ஒரு அடையாளத்தை வைக்க முடியுமா? இதைக் கழுவிக்கலாம்."

கைதட்டினார்கள். எங்கள் ஊரில் யார் பேசினாலும் கைதட்டுவோம்; பேசி முடித்ததில் ஒரு நிம்மதி. இனோகே தட்டவில்லை. ஒலிபெருக்கி அடுத்துச் சொன்னது அவன் காதில் விழுந்து வயிற்றில் போய் இறங்கியிருந்தது. ஆளுக்கொரு மலர் அட்டை. அட்டைக்கு ஒரு படிவம். படிவத்தில் பத்துக் கட்டம். ஏழாவது கட்டத்தில் குலப்பூ. அடுத்த வெள்ளியிலிருந்து, அட்டை இல்லாத எவரும் கப்பல் ஏறக் கூடாது.

இங்கே கொஞ்சம் நின்று ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் தீவில் ஐந்து குலம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மீன், ஒரு பறவை, ஒரு பூ. நான்கு குலத்தின் பூக்களை யாரும் எங்கேயும் சொல்லலாம், பாடலாம், பெண் குழந்தைக்குப் பெயராக வைக்கலாம். ஐந்தாவது குலத்தின் பூவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அந்தப் பெயரை அந்தக் குலத்து ஆண், தன் அக்கா தங்கை காதில் விழும்படி வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் அவனுக்கு அடுத்துப் பிறக்கும் குழந்தை அழாது. அழாது என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் யாரும் விளக்குவதில்லை. வெளியாள் சொன்னால் பழி அவனோடு சரி. மச்சான் முறைக்காரர்கள் அவனை உடுத்த துணியோடு கடலில் முக்கி எடுப்பார்கள், பத்து நாள் அவன் வாய் திறக்கக் கூடாது. எழுதலாமா என்றால் எழுதலாம். எழுத்து வருவதற்கு முன்னால் வந்த கட்டுப்பாடு அது. எழுத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பூ என்ன என்று நானும் இங்கே சொல்லப்போவதில்லை. இதை யாராவது என் தங்கைக்குப் படித்துக் காட்டிவிடலாம்.

இனோகே அந்த ஐந்தாவது குலம். ஏழே வீடு.

திங்கட்கிழமை காலையில் மருந்தகத்து நர்ஸ் லைசானியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். தொட்ட கையை எடுக்காமல் இன்னொரு தடவை அமுக்கினாள். முகம் மாறியது.

"புள்ளை குறுக்கால கெடக்கு. இங்க வச்சிப் பாக்க என்னால ஆகாது. வெள்ளிக்கிழமை கப்பல்ல பெரியாஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்."

"அதுக்கடுத்த வெள்ளி?" என்று கேட்டான் இனோகே.

"அதுவரைக்கும் நிக்காதுப்பா."

லைசானி கட்டிலில் படுத்தபடியே சிரித்தாள். பயந்தால் சிரிப்பவள் அவள். "என்னய்யா பேயறைஞ்ச மாதிரி நிக்கறே? போய் அந்த அட்டையை வாங்கிட்டு வா. என் அட்டை ஒன் அட்டையோட கிளையாமே. கட்டிக்கிட்டு வந்தவள்லாம் பதியன் போட்ட செடியாம். அந்த ஏசிக்காரரு சொன்னாரு."

இனோகே வெளியே வந்து மருந்தகத்து வாசல் மரத்தடியில் உட்கார்ந்தான். அவன் பயத்துக்கு இரண்டு அடுக்கு. மேலடுக்கு நர்ஸ் சொன்னது. கீழடுக்கை அவன் யாரிடமும் சொன்னதில்லை, லைசானியிடமும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சர்ச் முடிந்து சவேனதா வீட்டில் கவா வேர்ச்சாறு குடித்துக்கொண்டிருந்தார்கள். மச்சானுக்கு மச்சான் என்ன வேண்டுமானாலும் சீண்டலாம், அதற்காகத்தானே மச்சான். "ஒங்க குலமே ஒரு பூவுக்குப் பயந்து சாவுற குலம்டா" என்று சவேனதா ஏற்றிவிட்டான். நாக்கு மரத்துப்போய், மூளையும் பாதி மரத்துப்போயிருந்த இனோகே, "எவன்டா பயந்தான்?" என்று அந்தப் பெயரை உரக்கச் சொல்லிச் சிரித்தான். சொல்லி முடிப்பதற்குள் சுவருக்கு வெளியே தண்ணீர்க் குடம் இடிபடும் சத்தம். எட்டிப் பார்த்தான். வாசிதி குடத்தோடு போய்க்கொண்டிருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. அவள் அவனுடைய சித்தப்பா மகள். ஒரே கூரைக்குக் கீழே வளர்ந்த தங்கை. அவளுக்குக் கேட்டதா, கேட்கவில்லையா?

மூன்று மாதம் கழித்து லைசானிக்குப் பிரசவமானது. ஆண் குழந்தை. அழவில்லை.

வாசிதியிடம் கேட்டுவிட வேண்டியதுதானே என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். அண்ணனும் தங்கையும் வயதுக்கு வந்தபின் நேருக்கு நேர் பேசுவது எங்கள் வழக்கத்தில் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அவர்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவசரமென்றால் நாயிடம் சொல்வார்கள், தூணிடம் சொல்வார்கள், மற்றவர் கேட்டுக்கொள்வார்.

இப்போது அதே வாசிதியை வாரியம் வேலைக்கு எடுத்திருந்தது. பதவியின் பெயர் சாட்சி எழுத்தர்.

வாரியம் பழைய கொப்பரைக் கிடங்கில் கடை விரித்திருந்தது. இனோகே படிவத்தை வாங்கி, ஏழாவது கட்டத்தில் அந்தப் பெயரைச் சின்ன எழுத்தில் எழுதி, நான்காக மடித்து மேசையில் வைத்தான். வாசிதி குனிந்த தலை நிமிரவில்லை.

இயக்குநர் மடிப்பைப் பிரித்தார். "எழுதினா போதுமா? கீழ பாருங்க. குலப்பூவை வாய்விட்டுச் சொல்லவும்னு அச்சடிச்சிருக்கு. நீங்க சொல்லணும், சாட்சி எழுத்தர் கேக்கணும், அப்பறம் முத்திரை."

"எழுத்துல இருக்கே சார்?"

"எழுத்து வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. நம்ம மரபு வாய்மொழி மரபு. மரபைக் காப்பாத்தறதுக்குத்தான் அரசாங்கம் எங்களுக்குச் சம்பளம் குடுக்குது. நீங்களே மரபை மீறினா எப்பிடி?"

"மரபுப்படிதான் சார் நான் சொல்லக் கூடாது."

இயக்குநர் அவனை ரொம்ப அன்பாகப் பார்த்தார். "தம்பி, உங்க மரபு உங்களுக்குத் தெரியும்னு நெனச்சுக்கறீங்க. எல்லாத் தீவுலயும் இதே கதைதான். அதுக்காகத்தானே வாரியம் வேண்டியிருக்கு."

வேறு எழுத்தர் இல்லையா என்று கேட்டான். ஒரு தீவுக்கு ஒரு பணியிடம். மாற்றல் கேட்டால் எட்டு மாதம் ஆகும் என்றார். வாசிதி மெதுவாக மேசை மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பினாள். அதனிடம் பேசினாள்.

"ஃபேனே, ஒனக்குத் தெரியுமா, காலைல வேலைக்கு வந்ததும் வராததுமா நான் லீவு எழுதிக் குடுத்தேன். வெள்ளி வரைக்கும்."

மின்விசிறி தலையைத் திருப்பி இனோகேவைப் பார்த்தது.

"ஃபேனே," என்றான் அவன், "லீவு கெடச்சிச்சான்னு கேளு."

"கெடச்சிச்சு. சனிக்கிழமையிலேருந்து."

"விதிப்படிதான்," என்றார் இயக்குநர். "லீவு மனு வெள்ளிக்கிழமைக் கப்பல்ல ஏறணும், அப்பறந்தான் லீவு. அது சரி, யாருகூடப் பேசறீங்க ரெண்டு பேரும்?"

செவ்வாய்க்கிழமை இனோகே பூவையே கொண்டுபோனான். மலை ஏறி, அட்டைக் கடியைப் பொறுத்துக்கொண்டு, ஒரு கிளையை ஒடித்து, ஈர இலையில் சுற்றி எடுத்து வந்து மேசையில் வைத்தான். இதோ என் பூ, கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது அவன் கணக்கு. கிடங்குக்குள் ஒரு நிமிஷம் நல்ல வாசனை வந்தது. இயக்குநர் தும்மினார்.

"நெசப் பூவைக் கொண்டுவந்துட்டீங்களே! பூச்சி இல்லைன்னு சான்றிதழ் இருக்கா? எங்க கையேட்டுப் படத்துல இதுக்கு அஞ்சு இதழ் போட்டிருக்கு. உங்களுதுல நாலுதான் இருக்கு."

"இது எப்பவும் நாலுதான் சார். எங்கப்பன் காலத்துலயும் நாலு."

"அப்ப உங்க குலம் முழுக்கத் தப்பான பூவை வச்சிருக்கு. திருத்தறதுக்குத் தனிப் படிவம் இருக்கு."

கிளையை ஜன்னல் வழியாக வெளியே போட்டார்கள். பன்றிகூட அதைத் தொடவில்லை, அதற்குத் தெரிந்திருந்தது. அன்று சாயங்காலம் லைசானிக்கு இடுப்பில் முதல் வலி வந்து போயிற்று. "ஒண்ணுமில்ல, சேம்பு அதிகமாத் தின்னுட்டேன்" என்றாள். அவள் பொய் சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரியும், தெரிந்தும் தலையாட்டினான். வயிற்றுக்குள் குறுக்கே கிடந்த குழந்தையின் முதுகு தோலுக்கு அடியில் ஒரு மேடாக நகர்ந்ததை அவன் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

புதன்கிழமை வாய் பேச இயலாதோர் விலக்குப் படிவம் என்று ஒன்று இருப்பதாகச் சவேனதா விசாரித்துச் சொன்னான். இனோகே ஓடினான்.

"யாருக்கு?" என்றார் இயக்குநர்.

"எனக்கு சார்."

"விண்ணப்பதாரர் நேர்ல வந்து, படிவம் வேணும்னு வாயால கேக்கணும். நீங்க இப்பக் கேட்டுட்டீங்க. ரொம்பச் சந்தோஷம். கேட்டதால உங்களுக்கு வாய் வருதுன்னு நிரூபணம் ஆயிடுச்சு. நிராகரிக்கறேன்."

"அப்ப உண்மையான ஊமை எப்பிடி சார் கேப்பான்?"

"இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. நாட்டுல ஊமையே இல்லைன்னு அறிக்கையில எழுதியிருக்கோம். அமைச்சரே பாராட்டினாரு."

கிடங்கு வாசலில் ஒரு பெஞ்சு போட்டு, பூவற்றவர்கள் என்று பலகை மாட்டியிருந்தார்கள். ஏழு வீட்டு ஆட்களும் வேலை வெட்டியை விட்டுவிட்டு அதில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று உத்தரவு. ஒவ்வொருவர் கழுத்திலும் பூ இல்லாத ஒரு வெறும் பச்சை மாலை, பிளாஸ்டிக் தண்டு மட்டும். காலையில் வலையோடு கடலுக்குப் போகிறவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் குனிந்துகொண்டே போனார்கள். மற்றவர்களுக்குக் கப்பல் ஏற வேண்டிய அவசரம் இல்லாததால் தாங்கிக்கொண்டார்கள். இனோகேவால் முடியவில்லை. தண்டு கழுத்தை அறுத்தது.

வியாழக்கிழமை சவேனதா அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"மச்சான், ஒரு வார்த்தைடா. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லித் தொலை. ஏறிப் போயிடலாம்."

"ஒனக்குச் சொல்றது சுலுவு. வாசிதி கேப்பாளே!"

"கேட்டா என்ன? அதெல்லாம் பழைய காலத்துப் பேச்சு. நீயே அன்னிக்கு என் வீட்டுல..." சவேனதா அப்படியே நிறுத்தினான். அவனுக்கும் இப்போதுதான் கணக்குப் பிடிபட்டது. முகம் வெளுத்தது. "டேய். அன்னிக்கு வெளிய கொடம்..."

"வாயை மூடு."

"லைசானிக்குத் தெரியுமா?"

"வாயை மூடுன்னா மூடு மச்சான்!"

எந்நேரமும் கிண்டல் பேசுகிறவன் வாயை மூடினான். இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சொன்னால் குழந்தை அழாது. சொல்லாவிட்டால் கப்பல் இல்லை. கப்பல் இல்லாவிட்டாலும் குழந்தை அழாது. தாயும் கூடச் சேர்ந்து போகலாம். இனோகே இதை எந்தப் பக்கமிருந்து யோசித்தாலும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விட்டது. அவனுக்கு அழுகை வந்தது. மச்சான் முன்னால் அழுதால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான் என்று அடக்கப் பார்த்தான், முடியவில்லை. சவேனதா அதை ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கப்பல் வந்தது. லைசானியை வீட்டிலிருந்து கழற்றிய ஒரு கதவில் படுக்கவைத்துத் துறைமுகத்துக்குத் தூக்கி வந்தார்கள். இப்போது அவள் சிரிக்கவில்லை. வலி வரும்போது புருஷன் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தாள். நர்ஸ் பக்கத்தில் நடந்துவந்து, "சீக்கிரம், சீக்கிரம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கப்பல் ஏணிக்கு முன்னால் மேசை. மேசைமேல் மின்விசிறி, மின்சாரம் இல்லாததால் காற்றுக்குத் தானாகச் சுற்றியது. வாசிதி முத்திரையோடு உட்கார்ந்திருந்தாள். இயக்குநர் ஒலிபெருக்கியோடு நின்றார். ஊரே கூடியிருந்தது, ஆளுக்கொரு ஊதா ஆர்க்கிட்டைக் காதில் செருகிக்கொண்டு. ஒரு வாரத்து உப்புக் காற்றில் பாதிப் பூக்கள் வெளுத்திருந்தன.

"அட்டை?"

"சார், பாருங்க சார் அவளை," என்றான் இனோகே.

"பாக்கறேன். எனக்கும் மனசு இருக்கு. ஆனா எந்தக் குலம்னே தெரியாத ஒரு தாயைக் கப்பல்ல ஏத்தி, நடுக்கடல்ல குழந்தை பொறந்துட்டா, அது எந்தப் பூவுக்குப் பொறந்ததுன்னு நான் அறிக்கையில எழுதறது? ஒரே ஒரு வார்த்தை. இந்தாங்க, இதுலயே சொல்லுங்க. ஊருக்கே கேக்கட்டும். இதான் மரபு."

ஒலிபெருக்கியை அவன் கையில் திணித்தார். அது உள்ளங்கையில் வழுக்கியது. கப்பல் முதல் சங்கை ஊதியது. இனோகே வாயைத் திறந்தான். அவனுடைய மூச்சு மட்டும் ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்டது, பயந்த நாய் இரைக்கிற மாதிரி. மேசைக்கு அந்தப் பக்கம் வாசிதி இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காதைப் பொத்தக் கூடாது. சாட்சி எழுத்தர் காதைப் பொத்தினால் பணிநீக்கம் என்று முந்தின நாளே சுற்றறிக்கை போட்டிருந்தார்கள்.

லைசானி வீரிட்டாள்.

இரண்டாவது சங்கு. மாலுமி ஏணிக் கயிற்றில் கை வைத்தான். பூவற்றவர்கள் பெஞ்சிலிருந்து ஆறு வீடும் எழுந்து நின்றன.

"அட, என்னய்யா இது!" இயக்குநருக்குப் பொறுமை போய்விட்டது. ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். கோப்பைப் புரட்டி, திங்கட்கிழமைப் படிவத்தை உருவினார். "இதைச் சொல்லவா ஒரு வாரம்? நாலெழுத்து! படிச்ச நாங்க எதைச் சொல்லவும் பயப்படறதில்ல. இந்தா, கேட்டுக்குங்க!"

ஏழாவது கட்டத்தில் இருந்ததை உரக்கப் படித்தார். போதாதென்று, நிறுத்தி நிதானமாக இன்னொரு தடவையும் படித்தார். அது கடல்மேல் போய், பாறையில் பட்டு, மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்தது.

யாரும் அசையவில்லை. ஒரு குழந்தை மட்டும் எதற்கோ சிரித்தது. அதன் வாயை அதன் அம்மா பொத்தினாள்.

முதலில் அசைந்தது வாசிதி. முத்திரையை எடுத்தாள், ஊதினாள், இனோகேவின் அட்டையில் ஓங்கிக் குத்தினாள். லைசானியின் கிளை அட்டையிலும் குத்தினாள்.

"என்ன பண்றே? அவர் எங்க சொன்னாரு? நான்தானே சொன்னேன்!"

"குலப்பூ வாய்விட்டுச் சொல்லப்பட்டிச்சு. சாட்சி எழுத்தர் கேட்டாச்சு," என்றாள் வாசிதி மின்விசிறியிடம். "யார் சொன்னாங்கன்னு எழுத படிவத்துல கட்டம் இல்லையே, ஃபேனே."

இயக்குநர் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். பத்துக் கட்டத்தையும் விரல் வைத்து எண்ணினார். கட்டம் இல்லை. மூன்று வருஷம் ஏசி அறையில் உட்கார்ந்து அவரே வரைந்த படிவம் அது. அவர் நிமிர்ந்தபோது எதிரில் சவேனதா நின்றான். பின்னால் அவன் கூடப்பிறந்தவர்கள் நாலு பேர். சட்டைக் கையை மடித்திருந்தார்கள்.

"மன்னிச்சுக்குங்க சார். மச்சான் முறைக்காரங்க நாங்க. எங்களுக்கும் இது கடமை."

"தொடாதீங்க! நான் அரசாங்கம்!"

"அரசாங்கத்துக்கு நீச்சல் வருமா சார்? ரொம்ப ஆழம் இல்ல, பயப்படாதீங்க."

தூக்கினார்கள். அவர் கையிலிருந்த ஒலிபெருக்கியைப் பிடுங்க யாருக்கும் தோன்றவில்லை. "இது விதிப்படி..." என்ற வார்த்தை ஊருக்கெல்லாம் கேட்டது. அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் குமிழி.

கதவைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினார்கள். இனோகே கடைசி. கால் ஏறமாட்டேன் என்றது. அட்டை கையில் இருந்தது, பழி இயக்குநரோடு போயிற்று, எல்லாம் சரிதான். ஆனாலும் கீழடுக்குப் பயம் அப்படியே உட்கார்ந்திருந்தது. இன்றைக்குச் சொன்னது அவரென்றால், அன்றைக்குச் சொன்னது யார்? போன குழந்தைக்கு அடுத்துப் பிறப்பதற்கும் அந்தப் பழி மிச்சம் இருந்தால்? ஏணியின் முதல் படியில் ஒரு காலும் துறைமுகத்தில் ஒரு காலுமாக நின்றுவிட்டான்.

வாசிதி மேசையை விட்டு எழுந்து வந்தாள். நடுவில் தூண் இல்லை, நாய் இல்லை, மின்விசிறியை மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். பதினான்கு வயதில் கடைசியாகப் பார்த்த அதே கண்.

"அண்ணா," என்றாள். "அன்னிக்கு என் தலைமேல கொடம். தண்ணி தளும்பிக்கிட்டு இருந்திச்சு. எனக்கு ஒண்ணும் கேக்கல."

இனோகே ஏணிக் கயிற்றைப் பிடித்தான்.

"ஒண்ணுமே கேக்கலண்ணா. ஏறு."

அவன் ஏறினான். கப்பல் நகர்ந்த பிறகுதான், அந்த நாளைப் பற்றி அவளிடம் தான் ஒருநாளும் வாய் திறந்ததே இல்லையே என்று அவனுக்கு உறைத்தது. காதில் விழாதவளுக்கு எந்த நாள் என்று எப்படித் தெரியும்? அவன் திரும்பிப் பார்த்தான். வாசிதி மேசைக்குத் திரும்பிப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அண்ணனோடு நேருக்கு நேர் பேசினதற்கு அவளுக்கு என்ன தண்டனை என்று பெரியவர்கள் கூடிப் பேச வேண்டும். இன்றுவரை அவர்கள் கூடவில்லை. நேரம் ஒத்துவரவில்லையாம்.

இயக்குநரைக் கரைக்குக் கொண்டுவந்து துவட்டி, பத்து நாள் பேசக் கூடாது என்று சொல்லிக் கவா கொடுத்தார்கள். பத்து நாளும் எங்கள் தீவில் அலைச் சத்தம் நன்றாகக் கேட்டது. அவரை முக்கும்போது வாரியத்துக் கேமராவில் யாரோ எடுத்த புகைப்படம் அந்த வருஷத்து ஆண்டறிக்கையின் அட்டையில் வந்தது. இயக்குநருக்கு நலோமா மக்கள் அளித்த பாரம்பரிய வரவேற்பு என்று கீழே போட்டிருந்தார்கள்.

பெரியாஸ்பத்திரியில் சனிக்கிழமை மத்தியானம் லைசானியை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு சாத்திக்கொண்டது. இனோகே சுவரில் சாய்ந்து நின்றான். உட்காரப் பயம், நடக்கப் பயம். உள்ளே கத்தரி, கிண்ணம், யாரோ யாரையோ அதட்டும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாதது அவனுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதை ஒரு தடவை கேட்டிருக்கிறான். தரையில் உட்கார்ந்து, கேட்கக் கூடாது என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

பொத்திய கையைத் தாண்டிக்கொண்டு அது வந்தது. முதலில் இருமல் மாதிரி. பிறகு, ஆஸ்பத்திரியே என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்க்கிற மாதிரி ஓர் அழுகை.

இனோகே அழுதான். வெட்கமில்லாமல், வாய் விட்டு, மூக்கு ஒழுக அழுதான். "பொண்ணு. அம்மாவும் நல்லா இருக்காங்க" என்று சொல்ல வெளியே வந்த நர்ஸ், எதற்கும் இருக்கட்டும் என்று அவனுக்கு ஒரு துணியைக் கொடுத்தாள். மற்றக் கையில் ஒரு படிவம் இருந்தது. வாரியத்துப் படிவம். ஆஸ்பத்திரிக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

"ஏழாவது கட்டம்," என்றாள். "குலப்பூவைக் குழந்தை சார்பா வாய்விட்டுச் சொல்லணுமாம். யாராவது சொன்னாப் போதும். சீக்கிரம் சொல்லுங்க, எனக்கு உள்ள வேலை இருக்கு."

அவன் நர்ஸைப் பார்த்தான், படிவத்தைப் பார்த்தான், மூடியிருந்த கதவைப் பார்த்தான்.

கதவுக்குப் பின்னாலிருந்து குழந்தை மறுபடியும் வீரிட்டது, முன்னைவிட உரக்க.

நர்ஸ் காதைத் தேய்த்துக்கொண்டாள். "போதும்பா, சொல்லியாச்சு," என்று சொல்லி, வாய்மொழி உறுதி பெறப்பட்டது என்ற இடத்தில் முத்திரையைக் குத்தினாள்.